விளிம்பில் ஒரு தட்டு

எனக்கு மின்விசிறிச் சத்தம் ஆகவே ஆகாது, இன்ஸ்பெக்டர் ஐயா. மெல்லிய இரைச்சல்கூட மைக்கில் விழுந்துவிடும். அதனால் ஒலிப்பதிவு நடக்கும்போது விசிறி, ஏசி இரண்டையும் நிறுத்திவிடுவேன்.

நான் கணினியில் இசை செய்கிறவன். இந்த ஆல்பத்தில் எலக்ட்ரானிக் தாளம், ஊர் ஊராகத் தேடிப் பிடித்த குழல்கள், ராக் கிட்டார் எல்லாம் உண்டு. அத்தனைக்கும் அடியில் ஓடுவது மலைமக்களின் மரமுரசு. அதை அடித்தவர் என் அக்காவின் கணவர். மலைக்காரர் ஒருவரை அக்கா கட்டிக்கொண்டபோது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன். அவர் வாசிப்பைக் கேட்ட பிறகுதான் மாமா, மாமா என்று உறவு கொண்டாட ஆரம்பித்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

மாமாவுக்கு மூச்சிரைப்பு உண்டு. சட்டைப் பையில் எப்போதும் இன்ஹேலர் இருக்கும். முரசு அடிக்கும்போது அது கடகடவென்று ஆடியது.

"அதை இங்க குடுத்துடுங்க மாமா, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"நீதான் பக்கத்துலயே இருக்கியே" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், என் மேசைமேல் வைத்துக்கொண்டேன்.

வாசிக்கும்போது யாரும் நடுவில் எழுந்திருக்கக் கூடாது என்பது என் சட்டம். கிட்டார்க்காரன் ஒருமுறை எழுந்து மைக்கைத் தள்ளிவிட்டு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். அதன் பிறகு ஓர் ஏற்பாடு செய்தோம். நிறுத்த வேண்டுமென்றால் முரசின் மர விளிம்பில் தட்ட வேண்டும், நான் பதிவை நிறுத்திக் கதவைத் திறப்பேன். மாமா இதை ஒரு நாளும் மீறியதில்லை.

அன்று கடைசிப் பாட்டு. காலையிலிருந்து எல்லாம் சுத்தமாக வந்தது, உயிர்தான் இல்லை. பிறகு திடீரென்று மாமாவின் கை தடுமாறியது. ஓர் அடி முந்தியது, ஓர் அடி பிந்தியது, இடையில் அவர் மூச்சு இழுப்பதும் கேட்டது. எனக்குப் புல்லரித்தது. இத்தனை மாதமாக இதைத்தானே தேடினேன் என்று தோன்றியது. அப்போதுதான் அவர் விளிம்பில் தட்டினார்.

இன்னும் ஒரு சுற்று போகட்டும் என்று இருந்தேன். மறுபடி மறுபடி தட்டினார். கண்ணாடி வழியாக அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முரசின் மேல் சாய்ந்த பிறகும், பதிவைச் சேமித்துவிட்டுத்தான் கதவைத் திறந்தேன். இன்ஹேலரை வாயில் வைத்தேன். இழுக்க அவரிடம் மூச்சு இல்லை.

"ஒண்ணுமே தெரியலைக்கா, வாசிச்சிட்டே இருந்தாரு, அப்படியே சாஞ்சிட்டாரு" என்று அக்காவிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "கடைசியில நீயாவது கூட இருந்தியேடா" என்றாள்.

ஆல்பம் சக்கைப்போடு போட்டது. எல்லோருக்கும் பிடித்தது அந்தப் பாட்டின் முடிவில் வரும் மரச்சத்தம். மேடையில் அதைப் போட்டால் கூட்டமே சேர்ந்து கை தட்டுகிறது. போன வாரம் அக்கா அதை ஓடவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அந்த இடம் வந்ததும் ஈரக் கையால் சமையல் மேடையில் கூடவே தட்டினாள். அவர் போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இந்த இடத்துல எவ்வளவு சந்தோஷமா இருந்திருக்காரு, பாரேன்" என்றாள்.

"ஆமாக்கா" என்றேன். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்த வெட்கம் தாங்காமல்தான் நானாகவே உங்களிடம் வந்தேன்.

மூச்சு முட்டுகிறவர் தட்டினால் மெல்லிசாகத்தானே இருக்கும், எனக்குக் கேட்டிருக்காது என்கிறீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. முதல் தட்டு மெல்லிசாகத்தான் வந்தது. அதற்குப் பிறகு வந்தவையும் அப்படித்தான், பாட்டில்தான் அவை பலமாகக் கேட்கின்றன. அவர் தட்டத் தட்ட நான்தான் அந்த மைக்கின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனேன்.