அடுத்த அளவு

— இன்னொரு தடவை படி தம்பி.

— மூணு தடவை படிச்சாச்சு அண்ணி. படிக்கப் படிக்க மாறவா போகுது?

— படின்னா படி.

— "வாழ்த்துகள்! உங்க குட்டிக்கு இன்னிக்கு மூணு மாசம். போன சட்டை இப்ப பத்தாதே! அடுத்த அளவை எங்க கடையில பாருங்க." அவ்வளவுதான். கீழ நம்ம கடைப் பேரு. பக்கத்துல ஒரு பலூன்.

— பலூன் வேற.

— நம்ம ஆன்லைன் கடை இருக்கிற கம்பெனியோட மெஷின் தானா அனுப்புறது அண்ணி. நாம எழுதினது இல்ல.

— அது அந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரியும்? நான்தான் உக்காந்து எழுதினேன்னு நினைச்சிருப்பா. செத்துப் பிறந்த குழந்தைக்குச் சட்டை தச்சுக் குடுத்தவளே இப்ப சட்டை பத்தாதேன்னு கேக்குறாளேன்னு... வயிறு எரிஞ்சு போயிருப்பா.

— முதல்ல கொஞ்சம் தண்ணி குடிங்க.

— தண்ணியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். எப்ப போச்சு அது?

— காலையில ஆறு மணிக்கு. எனக்கு வந்த நகலை ஆபீஸ் போய்த்தான் பார்த்தேன். லீவு சொல்லிட்டு நேரா இங்கதான் வரேன்.

— திருப்பி இழுக்க முடியாதா?

— போனது போனதுதான் அண்ணி.

— எந்தப் பொண்ணுன்னு ஞாபகம் இருக்கா உனக்கு?

— நம்ம ஆன்லைன் கடைக்கு வந்த முதல் ஆர்டர், எப்படி மறக்கும்? நான்தானே வண்டியில கொண்டு போய்க் குடுத்தேன். ஆஸ்பத்திரி பின்வாசல்ல அவங்க வீட்டுக்காரர் வந்து வாங்கினாரு. பழக்க தோஷத்துல, "பிரிச்சு அளவு சரியா இருக்கான்னு பாத்துக்குங்க"ன்னு சொல்லிட்டேன். அப்புறம்தான் நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். அவரு பிரிக்கல. கையில வச்சுக்கிட்டு, "ரொம்ப லேசா இருக்கே"ன்னாரு.

— இதை நீ எங்கிட்ட சொல்லவே இல்லையே.

— எப்படி அண்ணி சொல்றது.

— சரி, விடு. அந்த மெஷினை நிறுத்து.

— அதான் முடியல. நாம வச்சிருக்கிறது அந்தக் கம்பெனி வாடகை இல்லாம குடுக்கிற இலவசக் கடை. அதுல இதை நிறுத்துற பொத்தானே கிடையாது. கம்பெனிக்கு எழுதியும் பார்த்தேன். எங்க சட்டையெல்லாம் உயிரில்லாமப் பிறந்த குழந்தைங்களுக்குப் போட்டு வழியனுப்புறது, தயவுசெஞ்சு வாழ்த்து அனுப்பாதீங்கன்னு.

— என்ன சொன்னான்?

— "உங்க யோசனைக்கு நன்றி. உங்க வியாபாரம் மேலும் வளர வாழ்த்துகள்"னான்.

— வளரணுமாம்.

— அடுத்தது செவ்வாய்க்கிழமை போகும். ரெண்டாவதா வாங்கினாங்களே, அவங்களுக்கு. மொத்தம் பதினோரு பேர் வரிசையில இருக்காங்க. அதுக்குள்ள நம்ம கடையை வேற இடத்துக்கு மாத்தியாகணும்.

— அந்த மெஷினுக்கு மூணு மாசம்னு எப்படித் தெரிஞ்சது? நாம தேதி கேட்டமா?

— அதுவா கேக்குது. குழந்தை உடைன்னு போட்டுட்டா, வாங்குறவங்ககிட்ட குழந்தை பிறந்த தேதியைக் கேக்கும். அந்தக் கட்டத்தை எடுக்கவும் முடியாது.

— எதுக்குக் குழந்தை உடைன்னு போட்டே?

— அண்ணி, சொன்னா வருத்தப்படாதீங்க. பட்டியல்ல இருந்ததே மூணுதான். குழந்தை உடை, பொம்மை உடை, நாய்க்குட்டி உடை. நான் பொம்மைன்னுதான் முதல்ல போட்டேன். நீங்க கத்திரிக்கோலைக் கீழ வச்சுட்டு ஒரு பார்வை பாத்தீங்க.

— பின்ன? பொம்மையா அது? பத்து மாசக் கனவு. குழந்தைன்னு போடுன்னு சொன்னேன்.

— மாத்தினேன். பொம்மைன்னு விட்டிருந்தா இந்த மெசேஜ் போயிருக்காது. பொம்மைக்கு வயசு ஏறாது.

— அப்ப நான்தான்.

— அப்படி இல்ல அண்ணி.

— அப்படித்தான். இனிமே யாரையும் குறை சொல்லல. மூடிடு தம்பி. கடையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். பழையபடி ஆஸ்பத்திரியில நம்ம நர்சம்மா கேட்டா தச்சுக் குடுத்துட்டுப் போறேன்.

— அந்த நர்சம்மா இங்க இல்லையே இப்ப. மாத்தல் ஆகி எட்டு மாசமாச்சு. நீங்க எங்கிட்ட சொன்னதை நான் திருப்பிச் சொல்லணுமா? அளவுக்குத் துணி இல்லாம, காயத்துக்குச் சுத்துற துணியில சுத்திக் குடுப்பாங்கன்னு சொன்னீங்க. அன்னிக்கு உங்களுக்குச் சோறு இறங்கல. மூடிட்டா மறுபடியும் அதேதான்.

— பேசத் தெரியுது உனக்கு. வேற இடம்னா எங்க?

— மூணு வழி இருக்கு. ஒண்ணு, எல்லாரும் விக்கிற அந்தப் பெரிய சந்தை. மாச வாடகை இல்ல, வித்தா மட்டும் ஒரு பங்கு எடுத்துக்குவான். ஆனா நம்ம சட்டைக்குக் கீழேயே, "இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்"னு கிலுகிலுப்பை, நடைவண்டின்னு காட்டுவான். வாங்கினப்புறம் எத்தனை நட்சத்திரம்னு வேற கேப்பான்.

— அதைத் தள்ளு.

— ரெண்டாவது, போன்லயே படம் போட்டு விக்கிறது. செலவே இல்ல. வேணுங்கிறவங்க உங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லுவாங்க.

— என்னன்னு சொல்லுவாங்க? வாயைத் திறந்து எப்படிச் சொல்லுவாங்க, யோசிச்சுப் பாரு. யார்கிட்டயும் பேசாம, பொத்தானை அழுத்தினாப் போதும்னுதானே கடையே போட்டோம்.

— அப்ப மூணாவதுதான். வாடகைக் கடை. நாம சொல்றது மட்டும்தான் அதுல இருக்கும். தேதி கேக்காது. விளம்பரம் கிடையாது, மெசேஜும் கிடையாது. இருக்கிறதுலயே மலிவானதைத் தேடி வச்சிருக்கேன். ஆனா சட்டை விலையைக் கொஞ்சம் ஏத்தணும்.

— விலையில கை வைக்காதே.

— மாசத்துக்கு நாலு சட்டை போனா பெருசு அண்ணி. வர்றதுல பாதி வாடகைக்கே போயிடும். அந்தத் தையலைக் குறைச்சாவது... உள்பக்கத் தையலையெல்லாம் வெளியில மடிச்சு அடிக்கிறீங்க. முதுகு முழுக்கத் திறந்து நாடா வைக்கிறீங்க. ஒரு சட்டைக்கு அரை நாள் போகுது.

— முதுகு திறந்திருந்தாத்தான் கையை மடக்காம போட முடியும். அந்தக் கையை மடக்கச் சொல்றியா யாரையாவது?

— நாடா சரி. தையலைச் சொன்னேன். உள்ள இருந்தா உறுத்தவா போகுது, அதுக்கு?

— அம்மாவுக்கு உறுத்தும்.

— தெரியாம சொல்லிட்டேன் அண்ணி.

— திரைச்சீலைக் கடைக்காரர் மடிப்புத் தைக்க வான்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. நான்தான் இடுப்பு ஒடியும்னு சாக்குச் சொல்லிட்டு இருந்தேன். ஒத்துக்கிறேன். வாடகை அதுல வந்துடும். நீ கடையை மாத்து.

— அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?

— உங்கண்ணன் என்னிக்கு வேண்டாம்னு சொல்லிட்டாரு? துணி வெட்டிக் குடுக்கச் சொன்னா வெட்டிக் குடுத்துட்டு, மூக்கைச் சிந்திக்கிட்டே வெளிய போயிடுவாரு. நீ மாத்து.

— மாத்திட்டே இருக்கேன். இது ஒவ்வொண்ணா கேக்குது. வாங்கினவங்க பேர், விலாசம் சேர்த்து வைக்கவா?

— வேண்டாம்.

— நன்றின்னு ஒரு மெசேஜ்?

— எதுக்கு நன்றி? வேண்டாம்.

— வருஷத்துக்கு ஒரு தடவை நினைவூட்டல்?

— ஒண்ணுமே வேண்டாம் தம்பி. சட்டையைக் குடுத்த கையோட நாம அவங்களை மறந்துடணும். பேர், தேதி, எதுவும் நம்மகிட்ட இருக்கக் கூடாது. அவங்களுக்கு நாம செய்யிற மரியாதை அதுதான்.

— சரி. எல்லாத்தையும் எடுத்தாச்சு. பழைய கடையையும் அழிச்சிடுறேன்... ஒரு நிமிஷம் அண்ணி. அதுல ஒரு ஆர்டர் வந்து நிக்குது.

— யாரு?

— அவங்கதான். காலையில மெசேஜ் போச்சே, அவங்க.

— தெரியாம கை பட்டிருக்கும். பணத்தைத் திருப்பிவிட்டு, மன்னிச்சிடுங்கன்னு எழுது. நான் சொல்லச் சொல்ல எழுது.

— கை படல அண்ணி. இருக்கிறதுலயே பெரிய அளவா பாத்து எடுத்திருக்காங்க. அதுவும் பத்தாது, மூணு மாச அளவுல வேணும்னு கேட்டிருக்காங்க.

— நம்மகிட்ட அந்த அளவே கிடையாதே. அவங்களுக்கும் தெரியுமே... அந்தப் பொண்ணு நல்லாத்தானே இருக்கா? வேற என்ன எழுதியிருக்கா? படி தம்பி.

— "வீட்ல யாரும் அவ பேச்சையே எடுக்கிறதில்ல. அவளுக்கு இன்னிக்கு மூணு மாசம்னு ஞாபகம் வச்சிருந்தது நீங்க மட்டும்தான்."