எட்டுக்கு நாற்பத்திரண்டு

பூவராகவன்: இது வேணாம் மேதாம்மா. கழுத்த இழுக்குது.

மேதா: மாட்டிண்டு ரெண்டு நிமிஷம்கூட ஆகல. அம்பது கிலோ சிமெண்ட் மூட்டை தூக்கினவருக்கு இது கனமா?

பூவராகவன்: மூட்டை தலையில குந்திக்கும், தலை தாங்கிக்கும். இது நடக்கறப்ப நெஞ்சுல வந்து வந்து மோதுது. மத்தியானம் வரைக்கும் மோதுச்சின்னா ராவுல திரும்பிப் படுக்க முடியாது.

மேதா: அச்சா. இந்தப் பத்துக்கு அம்பது பைனாகுலர் வேண்டாம். போர்வை ஓரமா வெச்சுடுங்கோ. எங்க பறவை கிளப்புல எல்லாரும் இன்டர்நெட்ல படிச்சுப் பாத்து பைனாகுலர் வாங்கறா. நீங்க ஒருத்தர்தான் நெஞ்சால வாங்கறேள்.

பூவராகவன்: ஆறு வருசமா உங்க எல்லாரு சாமானையும் தூக்கிக்கினு இந்த ஆத்தங்கரையில நடக்கறன். எது யாருக்கு ஆவும்னு என் தோளுக்குத் தெரியும். பட்டாபி சார் வச்சிருக்காரே பீரங்கி கணக்கா ஒரு லென்சு... அதுல அவரு பறவை பாத்தத விட, குந்தி மூச்சு வாங்குனதுதான் அதிகம்.

மேதா: அவர் எதிர்ல சொல்லிடாதேங்கோ. போன மாசம்தான் அதுக்குப் புதுசா பை தெச்சார்.

பூவராகவன்: பையத் தூக்கறதும் நான்தான.

மேதா: ஞாயித்துக்கிழமை தூக்க வேண்டாம் அண்ணா. அதுக்குத்தானே இன்னிக்கு உங்களை வரச்சொன்னேன். ஞாயித்துக்கிழமை கணக்கெடுப்புல நீங்க சாமான் தூக்கற ஆள் இல்ல, பறவை எண்ற ஆள். கிளப்புல ஒரு பைனாகுலர் உங்களுக்கே குடுத்துடறா. இந்த நாலுல எது சரியா வருதோ அது உங்களோடது.

பூவராகவன்: அந்தக் காகிதம்...

மேதா: இதோ இருக்கு. உங்க பேர் எழுதியாச்சு. "பார்வை சரியாக உள்ளது"ன்னு இருக்கற இடத்துல நான் கையெழுத்துப் போடணும். போட்டுட்டா ஏப்ரல்லேர்ந்து ஆத்து சர்வேல வருஷம் பூரா வேலை. கட்டட சாரத்துல ஏற வேண்டாம்.

பூவராகவன்: சாரத்துல ஏறித்தான் நாலு மாசம் ஆவுதே.

மேதா: ஏன், வேலை இல்லையா?

பூவராகவன்: வேல இருக்குது. எனக்குத்தான்... முட்டி வலி. குடுங்க, அடுத்தத குடுங்க.

மேதா: இது பத்துக்கு நாப்பத்திரண்டு. பத்து மடங்கு பெரிசாக் காட்டும், முன்கண்ணாடி நாப்பத்திரண்டு மில்லிமீட்டர்.

பூவராகவன்: நம்ம கை நடுக்கத்தயும் பத்து மடங்கு காட்டும். அம்பத்திரெண்டு வயசுக் கை இது. வேணாம்.

மேதா: அப்போ இந்தக் குட்டி? எட்டுக்கு முப்பத்திரண்டு. சட்டைப் பையில போட்டுக்கலாம்.

பூவராகவன்: தை மாசத்துப் பனியில இது ஆவாது. முன்கண்ணாடி சின்னது, வெளிச்சம் உள்ளாற வராது. காலையில எட்டு மணிக்கு இதுல பாத்தா எல்லா வாத்தும் ஒரே சாம்பலா இருக்கும்.

மேதா: எனக்கு இதெல்லாம் தெரிய ரெண்டு வருஷம் ஆச்சு.

பூவராகவன்: ஏம்மா... அந்த முக்காலியில மாட்டுற ஒத்தக் கொழாயி இருக்குதே.

மேதா: ஸ்கோப்பா?

பூவராகவன்: ஆங், ஸ்கோப்பு. அதுவே எனக்குக் குடுத்துட்டீங்கன்னா? தூக்கிப் பழக்கம் இருக்குது. நட்டு வச்சிட்டு குந்தினா கையும் ஆடாது.

மேதா: பறக்கற கூட்டத்தை ஸ்கோப்ல பிடிக்க முடியுமோ? கிளப்புல புதுசாச் சேந்த ஸ்ம்ருதிகிட்ட நீங்களே சொன்னேளே. முதல்ல பைனாகுலர்ல துழாவணும், எங்க உக்காந்திருக்குன்னு பாக்கணும், அப்புறம்தான் ஸ்கோப்புன்னு.

பூவராகவன்: சொன்னன்தான்.

மேதா: அப்புறம் என்ன. இந்தாங்கோ, கடைசி. எட்டுக்கு நாப்பத்திரண்டு. இது என்னோட பழசு.

பூவராகவன்: இதத் தெரியும். பட்டை இந்த எடத்துல பிஞ்சி நான்தான் தெச்சிக் குடுத்தன்.

மேதா: பாருங்கோ. என்ன தெரியறது?

பூவராகவன்: இருங்க... அக்கரையில பட்டைத்தலை வாத்து. பத்து, இருவது, முப்பது... நாப்பத்தாறு. இந்தப் பக்கம் நாமக்கோழி. அதுங்கள ஒண்ணு ஒண்ணா எண்ணக் கூடாது. செங்கல் அடுக்கறாப்பல பத்துக்கு ஒரு கட்டு, பத்துக் கட்டுக்கு ஒரு அடுக்குன்னு மனசுலயே அடுக்கிக்கினே போவணும். ரெண்டு அடுக்கு, அதுக்கு மேல மூணு கட்டு. எரநூத்தி முப்பது. நடுத்தண்ணியில மூங்கில் கம்பு மேல பாம்புத்தாரா ஒண்ணு, றெக்கைய விரிச்சிக் காயவச்சிக்கினு குந்தியிருக்குது.

மேதா: கூட்டத்தை உங்களை மாதிரி எண்ண எங்க கிளப்புல ஆளே இல்ல. இது நிஜம்.

பூவராகவன்: அப்ப இதுவே இருக்கட்டும். காகிதத்துல போட்டுடுங்க.

மேதா: ஒரு நிமிஷம். வளையத்தை உங்க கண்ணுக்கு சரி பண்ணிடலாம். அது இன்னும் என் கண்ணுக்கு இருக்கு.

பூவராகவன்: நல்லாத்தான தெரியுது.

மேதா: ரெண்டு கண்ணும் ஒரே மாதிரி இருக்காது அண்ணா. அப்படியே எண்ணினா பத்து மணிக்கெல்லாம் தலைவலி வந்துடும். வலது கண்ணை மூடிக்கோங்கோ. இடது கண்ணால மட்டும் பாத்து நடுச்சக்கரத்தைத் திருப்புங்கோ.

பூவராகவன்: ம்... ஆச்சி.

மேதா: அது இடது. நீங்க மூடிண்டிருக்கறது இடது கண்ணு.

பூவராகவன்: அட, ஆமா. இருங்க, டீ ஆறிடப் போவுது. வூட்ல வடிவு இஞ்சி தட்டிப் போட்டுக் குடுத்தனுப்பிச்சா. குடிச்சிட்டுப் பாக்கலாம்.

மேதா: அண்ணா... டம்ளர் இங்க இருக்கு. போர்வையில ஊத்தறேள்.

பூவராகவன்: குளிரு. கை வெறைச்சிப் போச்சி.

மேதா: குடுங்கோ, நான் ஊத்தறேன்.

பூவராகவன்: வடிவும் இப்பல்லாம் என்னிய ஊத்த வுடறதில்ல. கை நடுக்கம்னு சொல்லி வச்சிருக்கறன்.

மேதா: இந்தாங்கோ, சூடா இருக்கறப்பவே குடிச்சிடுங்கோ.

பூவராகவன்: சரி, அதக் குடுங்க. முடிச்சிப்புடலாம். வலது கண்ண மூடியாச்சி. சக்கரத்தத் திருப்பறன்... ஆங். நல்லா தெரியுது.

மேதா: என்ன தெரியறது?

பூவராகவன்: அதே பாம்புத்தாராதான். கம்பு மேல. றெக்கைய விரிச்சிக்கினு.

மேதா: கழுத்து எந்தப் பக்கம் இருக்கு?

பூவராகவன்: நொய்டா பக்கம்.

மேதா: அண்ணா.

பூவராகவன்: என்னாம்மா.

மேதா: நீங்க டீ ஊத்தினப்போவே அது பறந்துடுத்து. கம்புல ஒண்ணுமே இல்ல. கீழ வைங்கோ அண்ணா. போறும்.

பூவராகவன்: வெளிச்சம் தெரியுதும்மா. சத்தியமா. பகலு, ராவு, ஆளு குறுக்க போனா நெழலு... அதெல்லாம் தெரியுது. அவ்வளவுதான் தெரியுது.

மேதா: எப்போலேர்ந்து?

பூவராகவன்: அது ரொம்ப வருசமா. கொரோனாவுக்கு முந்தி. கல்லு அறுக்கற மெசின்ல சில்லு தெறிச்சிச்சி.

மேதா: போன ஜூன்ல இதே வளையத்தை எனக்குத் திருப்பக் கத்துக்குடுத்தது யாரு? ஒரு கண்ணை மூடு, அப்புறம் இன்னொரு கண்ணை மூடுன்னு. நீங்க முதல்ல பண்ணிக் காட்டினேள்.

பூவராகவன்: அப்ப கொஞ்சம் தெரிஞ்சிச்சி.

மேதா: உங்க நோட்டு என்கிட்ட இருக்கு அண்ணா. ஜூலை வரைக்கும் கோடு போட்ட மாதிரி எழுதியிருக்கேள். ஆகஸ்டுலேர்ந்து ஒவ்வொரு வரியும் சரிஞ்சுண்டே கீழ் வரியில போய் இடிக்கறது.

பூவராகவன்: நாப்பது வயசுக்கு மேல கத்துக்குனு வந்த எழுத்து. அது சரியத்தான் செய்யும்.

மேதா: அண்ணா, பொய் சொல்லாதேங்கோ. ப்ளீஸ்.

பூவராகவன்: பொய் சொல்லாம என்னா செய்யச் சொல்றீங்க? ஒத்தக் கண்ணோட சாரத்துல ஏற முடியாதும்மா. பலக எங்க முடியுது, கீழ எம்மாந்தூரம்னு கணக்கு தப்பிப் போவுது. செப்டம்பர்ல ரெண்டாவது மாடியில காத்துல கால வச்சிட்டன். பக்கத்துல இருந்த பீகார் பையன் சட்டயப் புடிச்சி இழுத்தான். அன்னிக்கி எறங்குனவன்தான். இந்தப் பறவை எண்ற வேலைதான் மிச்சம். இதுக்கு ஒரு கண்ணு போதும்னு நெனச்சன்.

மேதா: ஜூலையில என்ன ஆச்சு?

பூவராகவன்: ஒண்ணும் ஆவல. தூசி வுழுந்துச்சி.

மேதா: கருங்குருகைப் படம் எடுத்த அன்னிக்கா?

பூவராகவன்: அந்தப் பேச்ச எடுக்காதீங்க.

மேதா: அன்னிக்குத்தானே?

பூவராகவன்: நாணல அறுத்து வுட்டிருந்தானுங்க. ஈட்டி கணக்கா நின்னுக்கினு இருந்துச்சி. குனிஞ்சி போறப்ப ஒண்ணு... லேசாத்தான் பட்டுச்சி. ரத்தம்கூட வரல. வடிவு வெளக்கெண்ணெ வுட்டா. அடுத்த நாளு, கொழந்த பெத்த பொண்ணு ஒண்ணு எங்க சந்துல இருக்குது, அதுகிட்ட தாய்ப்பால் வாங்கியாந்து வுட்டா. ஊர்ல எங்களுக்கெல்லாம் அதான வைத்தியம். பதினாறு நாளு கழிச்சி ஆசுபத்திரிக்கிப் போனன். ரெண்டு நாள்ல வந்திருக்கணும்னு அந்த டாக்டரு பொண்ணு திட்டுச்சி. திட்டிட்டு அதுவே அழுதுடுச்சி.

மேதா: உள்ள போய் எழுப்பி விடுங்கோன்னு நான்தானே சொன்னேன்.

பூவராகவன்: இல்ல. நானாத்தான் எறங்குனன்.

மேதா: நான் சொன்னேன். ஒதுங்கியிருக்கற பறவையை எழுப்பக் கூடாதுன்னு கிளப்புல எல்லாருக்கும் பாடம் எடுக்கறவ நான். "ஒரே ஒரு தடவை அண்ணா, கை தட்டிண்டே ஜல்தி உள்ள போங்கோ"ன்னு நான்தான் சொன்னேன்.

பூவராகவன்: சொன்னா என்னா? ஒரு கொலயா பண்ணச் சொன்னீங்க? படம் நல்லா வந்துச்சி இல்ல. பிரைஸ் வாங்கிச்சி. எங்க சந்துக்கே வந்து லட்டு குடுத்தீங்க. பூவண்ணன் இல்லன்னா இந்தப் படம் இல்லன்னு மைக்குல சொன்னீங்களாமே, பட்டாபி சார் சொன்னாரு. என் வாழ்நாள்ல என் பேர எவனும் மைக்குல சொன்னதில்ல. அத நான் எதுக்குக் கெடுக்கணும்? அழுவாதீங்க. அந்தக் காகிதத்தக் கிழிச்சிப் போட்டுடுங்க. பொய்யாக் கையெழுத்துப் போட்டு உங்க பேரு கெட வேணாம்.

மேதா: கிழிக்கல. "ஒரு கண் பார்வை, ஸ்கோப் மூலம் எண்ணுவார்"னு எழுதறேன். பக்கத்துல நான் பைனாகுலர் வெச்சுண்டு நிக்கறேன். பறக்கறதை நான் சொல்றேன், உக்காந்ததை நீங்க எண்ணுங்கோ.

பூவராகவன்: ஒத்துக்குவாங்களா?

மேதா: அந்த இருநூத்தி முப்பதை வேற யார் எண்ணுவா? கேப்பேன். சண்டை போட்டாவது கேப்பேன். ஸ்கோப் வண்டியில இருக்கு, முக்காலியோட.

பூவராகவன்: பட்டாபி சாரோடதா?

மேதா: இல்ல, உங்களுக்குத்தான். போன வாரம் வாங்கினேன்.

பூவராகவன்: போன வாரமா...? வடிவு வந்து சொன்னாளா?

மேதா: இல்ல. அவங்களைப் பாக்கற தைரியம் எனக்கு இல்ல.

பூவராகவன்: அப்ப எதுக்கும்மா இந்த நாலயும் போர்வையில பரப்பி வச்சி, அதப் பாரு, இதப் பாருன்னு...

மேதா: நீங்களே சொல்லிட்டா, நான் சொல்ல வேண்டியிருக்காதுன்னு நெனச்சேன்.

பூவராகவன்: நீங்க சொல்றதுக்கு என்னா இருக்குது? நீங்க காமிராவுல கண்ண வச்சிக்கினு நின்னீங்க. பறவையத்தான பாத்தீங்க. நாணலுக்குள்ளாற நடந்தது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

மேதா: பறவை பறந்து எழும்பறப்போ அந்தப் படத்துல கீழ் ஓரத்துல நீங்களும் இருந்தேள் அண்ணா, இடது கண்ணைப் பொத்திண்டு. அன்னிக்கு சாயங்காலமே பாத்துட்டேன். அந்த ஓரத்தை வெட்டிட்டுத்தான் போட்டிக்கு அனுப்பினேன்.