மதுவந்திக்கு வந்த மூன்று வரன்கள்

கல்யாணங்களுக்கு நான் விரோதி இல்லை. பாலடைப் பிரதமன் பரிமாறும் பந்தியில் என்னை எப்போதும் முதல் வரிசையில் பார்க்கலாம். நீங்களே பார்த்திருக்கிறீர்கள், விஸ்வநாத் சார். ஆகவே நம் சமூகச் சங்கத்தின் செயலாளராக நீங்கள் கேட்ட விளக்கத்தை மனத்தாங்கல் எதுவும் இல்லாமல் எழுதித் தருகிறேன்.

நம் சங்கத்துக்கு வரன் பார்க்கும் ஸாஃப்ட்வேர் செய்து தருவதாக எங்கள் கம்பெனி போன வருஷம் ஆவணியில் ஒப்புக்கொண்டது. கொச்சங்காடியில் மிளகு கோடவுனுக்கு மேல் மாடியில் ஆறு பேர் தும்மிக்கொண்டே வேலை செய்தோம். நான் ப்ராஜெக்ட் மானேஜர். இருபத்தாறு வருஷமாக அதுதான் பிழைப்பு. ஒரு ப்ராஜெக்டை ஒழுங்காக நடத்துவது எப்படி என்று களமசேரி காலேஜில் பிள்ளைகளுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். முதல் பாடம் இது: என்னென்ன கெட்டுப்போகலாம் என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே தடுக்கும் வழியையும் பொறுப்பாளர் பெயரையும் போட்டுவிட வேண்டும்.

அப்படி நான் எழுதிய பட்டியலில் மின்வெட்டு, மழைக்காலக் காய்ச்சல் எல்லாம் இருந்தன. முதல் வரியில் எழுதியது ‘மதுவந்தியின் கல்யாணம்’. ஜாதகப் பொருத்தம் பார்க்கும் பகுதி முழுவதையும் அந்தப் பெண் ஒருத்திதான் எழுதினாள். மற்ற யாருக்கும் அதில் தலையும் புரியாது, வாலும் புரியாது. அவள் பெங்களூருக்கோ துபாய்க்கோ வாழ்க்கைப்பட்டுப் போனால் ப்ராஜெக்ட் அம்போ. தடுக்கும் வழி என்ற கட்டத்தை ஒரு வாரம் காலியாக விட்டிருந்தேன். பொறுப்பாளர் கட்டத்தில் என் பெயரைப் போட்டேன். பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறவன் இல்லை நான்.

வழி தானாகவே வந்தது. பெண் பார்க்க வருமுன் அவள் வேலை செய்யும் இடத்தில் விசாரிப்பது நம்மவர்களின் வழக்கம். விசாரிப்பது யாரை? மானேஜரைத்தானே. முதல் வரன் பாலக்காட்டிலிருந்து வந்தது. பையனின் அத்தை போனில் கேட்டாள். அடுத்தவர் செய்யும் தப்பைக் கண்டுபிடிப்பதில் மதுவந்திக்கு இணை கிடையாது, காலையிலிருந்து சாயங்காலம் வரை அதே வேலைதான் என்றேன். அவள் உத்தியோகத்தில் பாதி, மற்றவர்கள் எழுதிய ப்ரோக்ராமில் பிழை பார்ப்பதுதான். அத்தை “ஷரி” என்று போனை வைத்துவிட்டாள். இரண்டாவது வரனின் மாமாவிடம், “அந்தக் குட்டிக்கு ஆத்துக்குப் போகவே மனசு வராது, கேட்டேளா” என்று அவளுடைய உழைப்பைப் பாராட்டினேன். ஒரு சொல் பொய் கிடையாது. ப்ராஜெக்டில் பொய்த் தகவல் கொடுக்கக் கூடாது என்பதும் என் வகுப்பில் உண்டு.

மூன்றாவது திருப்பூணித்துறை வரன். பையன் பெயர் வெங்கிடாசலம். மதுவந்தி செய்கிற அதே வேலை, பெங்களூரில். இரண்டு மாதம் போனில் பேசி இருவருக்கும் பிடித்துப்போயிருந்தது. அது எனக்கும் தெரியும். பையனின் அப்பா கல்யாணராமன் நேரிலேயே மாடி ஏறி வந்தார். சாயாவும் பரிப்புவடையும் வரவழைத்தேன்.

“குட்டி எப்படி? ஏதானும் குறை உண்டோ?” என்று கேட்டார்.

“இப்போ ஒரு குறையும் இல்லை,” என்றேன்.

“இப்போன்னா?”

“சாயா ஆறிடும். குடிங்கோ.”

முந்தின வாரம் அவளுக்குக் காய்ச்சல். நான் நினைத்துச் சொன்னது அதைத்தான். அவர் வேறு எதையோ நினைத்துக்கொண்டால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்? வடையைப் பாதி தின்றுவிட்டு எழுந்து போனார்.

இரண்டு நாள் கழித்து வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். மதுவந்தி மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். இரண்டு மணி நேரம் ஓய்வு கொடுத்தேன், கேட்காமலேயே கொடுத்தேன். அதற்கடுத்த மூன்று வாரமும் அவள் எழுதியதில் ஒரு பிழை இல்லை. துக்கத்தில் இருப்பவர்கள் கவனமாக வேலை செய்கிறார்கள். கணக்கு வைத்திருக்கிறேன், வேண்டுமானால் அனுப்புகிறேன்.

உள்ளதைச் சொன்னால் இதில் சங்கத்துக்கும் பங்கு உண்டு. விஷுவுக்கு முடிந்திருக்க வேண்டிய வேலை. கோத்திரவாரியாகப் பிரிக்க வேண்டும் என்றீர்கள், ஓணத்துக்குப் போயிற்று. மாப்பிள்ளைக்குச் சமைக்கத் தெரியுமா என்று ஒரு கேள்வி வேண்டும் என்றீர்கள், நவராத்திரிக்குப் போயிற்று. நீங்கள் தள்ளிவைத்த தேதிகளுக்குத்தான் அந்தப் பெண்ணின் வரன்கள் போயின. இத்தனை நாள் அதை நான் சொல்லிக்காட்டவில்லை.

மாட்டிக்கொண்டதும் என் ஒழுங்கினால்தான். வரன் தட்டிப்போனால் காரணத்தைச் சங்கத்தின் நோட்டில் எழுதிக்கொடுப்பது நம்மிடம் பழக்கம். யாரிடம் விசாரித்தார்கள் என்பதையும் பெயர், தேதியோடு ஸாஃப்ட்வேரில் ஏற்ற வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தவன் நான். எழுதி வைக்காத வேலை நடக்காத வேலை. ஏற்றியதைச் சரிபார்த்தவள் மதுவந்தி.

“சார், என் வரன் மூணுலயும் உங்க பேராக்கும் இருக்கு,” என்றாள்.

“தேதி சரியா ஏறியிருக்கோ?”

“ஏறியிருக்கு.”

அவள் கத்தவில்லை. “எனக்கு என்ன குறைன்னு இத்தனை நாள் நானே யோசிச்சிண்டிருந்தேன், சார்,” என்றாள். பிறகு செல்போனை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய் வெங்கிடாசலத்தோடு ஒரு மணி நேரம் பேசினாள். ஆபீஸ் நேரம்தான், நான் கண்டுகொள்ளவில்லை. எனக்கும் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

கல்யாணராமன் வீட்டில் மறுபடியும் சம்மதித்து, இருவருக்கும் தையில் முகூர்த்தம் குறித்திருக்கிறார்கள். நவராத்திரியும் தாண்டிப்போய், நம் ஸாஃப்ட்வேர் வெளியாவதும் தையில்தான்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். மூன்று வரனையும் தெரிந்தே தட்டிவிட்டது நான்தான். ஆனால் என் தவறு எது என்று கேட்டால், இவ்வளவு பெரிய வேலையை ஒரே ஆளை நம்பி விட்டதுதான். அதையும் சரிசெய்துவிட்டேன். நீங்கள் சொன்னபடி வெங்கிடாசலத்தைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். கையோடு எங்கள் கம்பெனியில் வேலையும் தருவதாகச் சொன்னேன். அவர் சிரித்தார். சம்மதம் என்று குறித்துக்கொண்டேன். இனி ஜாதகப் பகுதி தெரிந்தவர்கள் இரண்டு பேர். கல்யாணத்துக்கு இருவருக்கும் லீவு உண்டு. ஒரே நாளில் எடுக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.