வெர்னா கேட்ட பாட்டு

அதிகாலை நாலு மணி. ஓக்லஹோமாவின் மேற்கு மூலை. இரண்டு பக்கமும் முள்கம்பி வேலி, நடுவில் மண் சாலை... ஒரே ஒரு ஃபோர்டு கார். ஓட்டுகிறவர் ஆர்வல் டீக். இதோ, அடுப்போரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே ஹோபர்ட், அவனுடைய சித்தப்பா. நான் கூட்டிச் சொன்னால் அவனே மறிக்கட்டும்.

ரேடியோ வந்த புதிது. விடியற்காலையில் அதில் ஆர்வல் பாட ஆரம்பித்த பிறகுதான் இந்தப் பக்கத்து ஜனம் பால் வாளியைக் கையில் எடுக்கும். மந்தையோடு திரிந்த மனுஷர் அவர். மாடுகள் இருட்டில் மிரளாமலிருக்கக் குதிரைமேல் சுற்றிச் சுற்றிப் பாடிய அதே பாட்டுகளைத்தான் மைக் முன்னாலும் பாடினார்.

அன்று வேலியோரம் ஓர் ஆள் கை காட்டினான். தொப்பி இல்லை. அந்தக் குளிரில் கோட்டும் இல்லை. பாவம் என்று ஏற்றிக்கொண்டார்.

கதவைச் சாத்தியதும் வாடை அடித்தது. காரச் சோப்பு... அதற்கு அடியில் வேறொன்று. பன்றி அறுக்கிற நாளில் கொட்டகையில் வருமே, அது.

“டவுனுக்குங்களா?”

“ரேடியோவுக்கு.”

“அட, நானும் அங்கதான்...”

“தெரியும். நீ ஆர்வல் டீக். நான் ஏமஸ் கிரைடர். போன வாரம் என் பொண்டாட்டி பேரை ரேடியோவுல சொன்னியே. வெர்னா.”

ஆர்வலுக்கு ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்தில் பாடப் போனபோது கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவள். செவலைக் கன்று பாட்டு வேண்டும் என்று கேட்டாள். கன்னத்தில் அடிபட்ட இடம் மஞ்சளாக ஆறிக்கொண்டிருந்தது. மறுநாள் அவள் பேரைச் சொல்லிப் பாடினார். அவ்வளவுதான்.

“கேட்டாங்க, பாடுனேன். தப்பா ஒண்ணும் இல்லீங்க.”

“ரேடியோவைக் கோடாலியால பொளந்துட்டேன்.” ஏமஸ் சாலையைப் பார்த்தபடியே பேசினான். “அப்பவும் முணுமுணுத்துக்கிட்டே இருந்தா. அவளையும் வெட்டுனேன். நிலவறைக்குள்ள தள்ளி மூடுனேன்... இன்னும் நிறுத்தலடா. மூணு ராத்திரியா உன் பாட்டையே பாடுறா.”

ஆர்வலின் விலாவில் கத்திமுனை இறங்கியது. சட்டைக்குள் சூடாக ஒரு கோடு வழிந்தது.

“நான் சொன்னா கேக்கமாட்டா. நீ சொல்லு. ரேடியோவுல சொல்லு, வாயை மூடச் சொல்லு.”

நிலையம் ஒரு ஹோட்டல் மாடியில் இருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் எஞ்சினியர் லைல், காப்பிக் குவளையும் கையுமாக.

“என்னய்யா ஆர்வல், மூஞ்சி சுண்ணாம்பா இருக்கு? ராத்திரி எந்த மகராசன் காய்ச்சுன சரக்கு?”

பிறகுதான் கத்தியைப் பார்த்தார். குவளை கீழே விழுந்தது.

“யாராவது அசைஞ்சா இவன் கழுத்து இருக்காது,” என்றான் ஏமஸ். “நீ மெஷினைப் போடு.”

சிவப்பு விளக்கு எரிந்தது. ஏமஸ் ஆர்வலின் முடியைப் பிடித்துத் தலையைப் பின்னுக்கு இழுத்தான். தொண்டைமேல் கத்தி. குளிர்ந்த இரும்பு.

இரண்டு வார்த்தை சொன்னால் போதும், உயிர் மிஞ்சும். ஆர்வல் வாயைத் திறந்தார். அந்த மஞ்சள் கன்னம் கண்முன் வந்தது...

“வெர்னா, ஆர்வல் பேசுறேன்மா. நல்லாப் பாடுற. இன்னும் சத்தமாப் பாடு.”

கத்தி இழுபட்டது. ஆர்வல் கையைக் குறுக்கே கொடுத்தார். இரண்டு விரல்கள் துண்டாகி, காலடியில் கிடந்த அவருடைய கித்தார்மேல் விழுந்தன. தந்தி ‘டொய்ங்’ என்றது. கழுத்தைப் பொத்திக்கொண்டு சரிந்தார்.

அப்போது... எஞ்சினியர் அறை ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல். மெல்லிய குரல். மூச்சு எங்கோ ஓட்டை வழியாகக் கசிகிற மாதிரி ஒரு சீழ்க்கைச் சத்தம் கூடவே.

“படுத்துக்கோ செவலக் கன்னே... விடிய இன்னும் நேரமிருக்கு...”

மாடியில் பெண் யாரும் இல்லை. லைல் மைக் கம்பியைப் பிடுங்கி எறிந்தார். பாட்டு நிற்கவில்லை.

ஏமஸ் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தான். இரண்டு கைகளிலும் தோல் முழங்கைவரை கிழிந்து தொங்கியது. ஒலிபெருக்கியைக் குத்தினான். குத்தக் குத்தக் குரல் தெளிந்தது.

“மூடுடி! வாயை மூடுடி!”

லைல் மேசைக்கு அடியில் கிடந்து பார்த்தார். ஏமஸ் கத்தியைத் திருப்பித் தன் வலது காதுக்குள் செருகினான். திருகினான். தலையைச் சாய்த்துக் கேட்டான்... இன்னும் கேட்டது போலிருக்கிறது. பிறகு இடது காது. அது ஆழமாகப் போய்விட்டது.

அவன் விழுந்த பிறகும் பாட்டு கடைசி அடிவரை ஒலித்தது.

ஹோபர்ட்டின் அம்மா அந்நேரம் வீட்டில் மாவு பிசைந்துகொண்டு ரேடியோ கேட்டிருக்கிறாள். அலறலோ கண்ணாடி நொறுங்கிய சத்தமோ அவள் காதுக்கு வரவே இல்லை. “ஆர்வல் புதுசா ஒரு பொம்பளையப் பாட வெச்சிருக்காரு, நல்ல குரல்,” என்று புருஷனிடம் சொன்னாளாம்.

ஆர்வல் பிழைத்தார். கித்தாரை மறுபடி தொடவில்லை. ரேடியோ இருக்கிற வீட்டில் இன்றைக்கும் சாப்பிட உட்காரமாட்டார்.

கிரைடர் வீட்டு நிலவறையைத் திறந்தவர் ஷெரீஃப். அவர் ஆர்வலிடம் ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசினார். முந்தின நாள்வரை ஓயாத புழுதிக்காற்று. கதவிடுக்கு வழியாக மண் இறங்கி அவளை மூடிக் கிடந்தது. கூந்தல்மேல்... திறந்திருந்த கண்கள்மேல்... வெட்டுப்பட்ட தொண்டைக்குள். எங்கும் விரற்கடை மண்.

உதட்டில் மட்டும் ஒரு துகள் இல்லை.