ரெண்டு மணி நேரம் அடக்கணுமாம்!

...அடக்கணுமாம் சார்! ரெண்டு மணி நேரம்! சொல்றவங்களுக்கு என்ன, சொல்லிட்டுப் போயிடுவாங்க. குழாய விட்டு மருந்த மூத்திரப்பைக்குள்ள ஏத்திட்டு, "அப்படியே வெச்சிருங்க ஐயா"ன்னு கதவச் சாத்திட்டா முடிஞ்சுதா? நடுநடுவுல புரண்டு வேற படுக்கணும். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், குப்புற, மல்லாக்க... நான் என்ன காயப்போட்ட துணியா?

நீங்களும் அதே பச்ச அங்கிதான் மாட்டிருக்கீங்க. முதல் தடவயா? பயப்படாதீங்க. எனக்குப் பையோட உள்பக்கம் சின்னதா ஒரு புத்துக்கட்டி. ஆரம்பத்துலயே பார்த்துச் சுரண்டி எடுத்துட்டாங்க. திரும்ப முளைக்காம இருக்கத்தான் இந்த மருந்து. அதுக்கு முன்னாடியே ஒரு கூத்து சார்... புராஸ்டேட்ல புத்து. கதிர்வீச்சு வெச்சு விரட்டினாங்க. அப்பாடா, தொலஞ்சுதுன்னு உட்கார்ந்தா, இது பக்கத்து வீட்டுல வந்து குந்திக்கிச்சு!

நான் யாரு? பஸ் ஓட்டினவன் சார். வழியில எங்கயும் நிக்காத வண்டி. பின்னாடி அத்தன பேரும் நெளிவாங்க, நான் அசையாம உட்கார்ந்திருப்பேன். அப்படிப்பட்டவன் இப்ப அர மணி தாங்க மாட்டேங்குறேன்! போன தடவ நர்ஸம்மா வந்து கதவத் திறக்குறதுக்குள்ள... விடுங்க, வெக்கக்கேடு. எங்க வீட்டம்மா சிரிச்ச சிரிப்பு இருக்கே! அப்புறம் வராண்டா ஓரமாப் போய் அழுதுட்டிருந்தா. அதையும் பார்த்தேன்.

ஏன்னா டாக்டர் சொல்லிட்டாரு. "கதிர் பட்டதுல பை சுருங்கிடுச்சு போல. மருந்து உள்ள தங்கலன்னா பிரயோஜனமில்ல. இன்னைக்கும் தங்கலன்னா பையையே எடுக்கறதப் பத்திப் பேசணும்"ங்கறாரு. எடுத்துட்டு, மூத்திரம் புடிக்க வயித்துக்கு வெளிய பிளாஸ்டிக் பை ஒண்ணு ஒட்டுவாங்களாம்.

அட, உதடு காஞ்சு கெடக்கே உங்களுக்கு! இந்தாங்க தண்ணி. கூச்சப்படாதீங்க, நான் ஒரு பாட்டில முடிச்சாச்சு, இது அடுத்தது. எல்லாம் கதிர் வெச்சப்ப பழகினது. பை ரொம்பி இருந்தாத்தான் கதிர் சரியான எடத்துல படும், நல்லா குடிச்சுட்டு வாங்கன்னு அங்க தெனமும் சொல்லுவாங்க, அதான் இங்கயும்... என்னது?

குடிக்கக்கூடாதா? காலையிலேர்ந்தேவா? யாரு சொன்னா? இந்த நர்ஸம்மாவேவா? எனக்குச் சொல்லவே இல்லயே... ம்... ஏதோ சொல்லிட்டுத்தான் இருந்தாங்க. நான் அவங்களுக்குப் பஸ் கதைய ஓட்டிட்டிருந்தேன். மருந்து ஏத்துறதுக்கு முன்னாடி மூத்திரத்தக் குழாய்ல வடிச்சாலும், குடிச்ச தண்ணி பைக்குள்ள எறங்கிக்கிட்டேதான் இருக்குமா? அடப்பாவமே! அப்ப நான்தான் மேல ஊத்தி ஊத்தி கீழ அடக்கப் பார்த்தேனா? சார்... சார், அப்ப என் பை நல்லாவே இருக்கலாம்ல? இருக்கலாம்னு சொல்லுங்களேன்!

எங்க எந்திரிக்கிறீங்க? ஓ, உங்களத்தான் கூப்பிடுறாங்களா? போங்க, போங்க. நர்ஸம்மா! எனக்கு இன்னைக்கு வேணாம்மா, தண்ணி உள்ள போயிடுச்சு. வேற நாள் கொடுங்க, காஞ்ச வயிறோட வரேன். டாக்டர்கிட்ட அவசரப்பட்டுக் கத்திய எடுக்க வேணாம்னு சொல்லுங்க. அன்னைக்குச் சொன்னத மறுபடி ஒரு தடவ சொல்லுங்கம்மா. சத்தியமா குறுக்க பேச மாட்டேன், வாயத் தெறக்கவே மாட்டேன். சொல்லுங்க... இருங்க, இருங்க, அதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்லிடுறேன்...