கரையில் நிற்கும் படகுக்குக் காற்று பார்ப்பவர்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் மச்சானும் மாப்பிள்ளையுமாக இருவர். மீன்பிடித் தடைக்காலம் என்பதால், இருவருக்கும் பொதுவான விசைப்படகு முதுநகர் துறைமுகத்தில் சும்மா நிற்கிறது என்று பேச்சிலிருந்து தெரிந்தது.

“கடல்ல காத்து ஏறுதுன்னு போன்ல பாத்தா எனக்கு நெஞ்சு படபடங்குது, மச்சான்,” என்றார் மாப்பிள்ளை.

“நம்ம போட்டு கரையில கட்டிக் கெடக்கு. நீ எந்தக் கடலுக்குப் போற?”

“அதத்தான் சிதம்பரம் டாக்டரும் முன்ன பாத்தப்ப கேட்டாரு. கடல்ல இருந்தப்ப படுத்ததும் தூங்குனவன் நானு. இப்ப வூட்டுல பாயில படுத்துக்கிட்டு அலை எத்தினி அடின்னு பாத்துக்கிட்டு கெடக்குறேன். இன்னைக்குப் போயி இன்னும் தூக்கம் வரலன்னு சொன்னா மாத்திர எழுதிடுவாரு. மாத்திர முழுங்குறவன் சுக்கான் புடிச்சா எவன் போட்டுல ஏறுவான்?”

“போன எங்கிட்டக் குடு. திரும்பி வர்ற வரைக்கும் கேக்காத.”

கொடுத்துவிட்டு மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். புதுச்சத்திரம் தாண்டியது. மச்சான் அந்தப் போனையே தடவிக்கொண்டிருந்தார்.

“மாப்ள, ராத்திரிக்குக் காத்து ஜாஸ்தியாவும்னு போட்டிருக்கான்!”

மாப்பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை.

“டாக்டர்கிட்ட ரெண்டு டோக்கனா போட்டுடலாம், மச்சான்.”