பந்தத்தைத் தூக்காத வருடம்

தலைமை தாங்கும் ஐயா சின்னையன் அவர்களே! ஏலமலை ஈரத்தில் எலும்பு தேய்ந்த பெரியோர்களே! களையெடுத்த கை காயுமுன் கைதட்ட வந்திருக்கும் தாய்மார்களே! சென்ற ஆண்டு சித்திரையில் இதே மேடையில் என் பேச்சின் நடுவே ஒலிபெருக்கியை நிறுத்திய நண்பர்களே! மறக்காமல் உங்களுக்கும் என் வணக்கம்.

அன்றைய பட்டிமன்றத்திலும் இதே கேள்விதான். இயற்கை மனிதனுக்காகப் படைக்கப்பட்டதா? ஆம் என்றார் அண்ணன் சூசையப்பன். மரம் நிழலுக்கு, மழை பயிருக்கு, தேனீ தேனுக்கு என்றார். மாலை அவருக்கு. இல்லை என்ற எனக்குச் சிரிப்பொலி.

அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டுப் போன நம் சாந்தன்பாறை மொக்கையன் என்ன செய்தார்? களையெடுக்கும் பெண்களைத் தேனீ கொட்டுகிறதே என்று, தீப்பந்தம் கட்டித் தம் ஏலத்தோட்டத்து நிழல்மரத்துத் தேன்கூடுகளை எல்லாம் கொளுத்தினார். தேனையும் எடுத்தார். பிறகு ஏலம் பூத்தது. சரம் சரமாகப் பூத்தது. காய் பிடித்ததா? இல்லை என்கிறார் பின்வரிசை ஐயா. பக்கத்துத் தோட்டக்காரர், பார்த்தவர் சொல்கிறார். பூவுக்குப் பூ தாவ ஈ இல்லாமல், பூத்ததெல்லாம் உதிர்ந்தது.

தோட்டத்தை விற்றுவிட்டுப் போடிக்கு இறங்குவதென்று மொக்கையன் மூட்டை கட்டினார். அவர் மனைவி அழகுத்தாய் மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார்.

“நீ போறதுன்னா போய்யா. அந்த மரத்துல ஈ திரும்பக் கூடு கட்டுதான்னு பாத்துட்டுத்தான் நான் எறங்குவேன்.”

“ஒன் அண்ணந்தம்பியா, கூப்புட்டதும் வர?”

“கூப்புட வேணாம். நீ பந்தத்தைத் தூக்காம இரு, போதும்.”

இந்த ஆண்டு வந்தன தேனீக்கள்! மொக்கையனை மன்னித்தா வந்தன? அவர் பெயராவது அவற்றுக்குத் தெரியுமா? தம் பசிக்கு வந்தன; தம் பிள்ளைகளுக்காக வந்தன. அந்தப் பசி போன வழியில் நமக்கும் காய் பிடித்தது. பூ விரிந்திருக்கும் காலையில் ஈக்கு வழிவிட்டு, பிற்பகலில்தான் அந்தத் தோட்டத்தில் இன்று களையெடுக்கிறார்கள்.

விண்மீன்கள் நமக்காகவா எரிகின்றன? மழை நம் முகவரி கேட்டா பெய்கிறது? நமக்கென்று படைக்கப்படாத பேருலகில், நம்மை அறியாத ஈயோடும் இலையோடும் இணங்கி வாழக் கற்றோமே, அதுவன்றோ வெற்றி! அதுவன்றோ மனிதனின் மாண்பு!

இதோ, அண்ணன் சூசையப்பன் மாலையோடு எழுகிறார். அண்ணே, ஒன்றரை ஆண்டாக இந்த மாலைக்குக் காத்திருந்தேன், மறுக்க மனமில்லை. ஆனாலும் முதல் பறிப்பு ஏலக்காயை மடியில் கட்டிக்கொண்டு முன்வரிசையில் அழகுத்தாய் இருக்கிறார். மலையிறங்காத அந்தக் கழுத்துக்குப் போடுங்கள்.

இம்முறை கடைசிச் சொல்வரை ஒலிபெருக்கியை விட்டுவைத்தவர்களுக்கு நன்றி. எல்லோருக்கும், நிழல்மரத்தின்மேல் கூடு கட்டியிருப்பவர்களுக்கும், என் வணக்கம்.